உறைபனி கிழித்த கோடு

ஜனவரிக் கடைசியில் ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் விடிவதற்கு முன்பே வண்டிகள் வந்து நின்றுவிடுகின்றன. கோவையிலிருந்தும் மைசூரிலிருந்தும் வந்தவர்கள் குல்லாவும் மஃப்ளருமாக இறங்கி, புல்லின் மேல் படிந்த உறைபனியை நகத்தால் சுரண்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பைக் சீட்டின் மேலிருந்த வெள்ளைப் படலத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, விரலை வாயில் வைத்துச் சூடேற்றிக்கொண்டான்.

நான் படமெடுக்கப் போகவில்லை. குளிர்காலம் வந்தால் நாளிதழ்களில் ஆண்டுதோறும் அதே இடப்பெயர்கள் வரும்: தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், எச்.பி.எஃப். பகுதி. ஊட்டிக்குப் பக்கத்திலேயே 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்கிறது. உயரம் கூடினால் குளிர் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குப்படி பார்த்தால், உறைபனிச் செய்தியில் முதல் பெயர் அதுவாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் பட்டியலில் வருவதெல்லாம் தாழ்ந்த, திறந்த இடங்கள். நின்று பார்த்தால் காரணம் காலடியிலேயே தெரிகிறது. தலைகுந்தாவின் புல்வெளி நாலாபுறமும் சரிவுகள் சூழ்ந்த பள்ளம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெறிச்சென்றிருக்கும் இரவுகளில், பகலில் வாங்கிய வெப்பத்தையெல்லாம் தரை மளமளவென்று வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். அது தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டில் பூஜ்யத்துக்கு மேல் நிற்கும் வெப்பநிலை பள்ளத்தில் அதற்குக் கீழே போய்விடுவது இப்படித்தான்.

குனிந்து ஒரு புல் தாளைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் பொடிப்பொடியாகப் பனித்துகள். அடிப்பக்கம் வெறும் ஈரம். பத்தடி தள்ளிச் சாலையோரம் வரிசையாக நின்ற சீகை மரங்களின் அடியில் அந்த வெள்ளையே இல்லை. புல் அங்கே சாதாரண ஈரத்தோடு பச்சையாகக் கிடந்தது. தலைக்குமேல் ஒரு கிளை இருந்தாலே தரையின் வெப்பம் முழுதும் வானத்துக்குப் போய்விடுவதில்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அலங்காரச் செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு பந்தல் மாதிரி மூடிவைப்பதும் இந்தக் கணக்குதான். இந்தச் சின்ன வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியின் மேல்மலையில் எந்தச் செடி எங்கே நிற்கலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தலைகுந்தாவுக்கு அந்தப் பக்கம் சாண்டிநல்லா. சாலையை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் தரை காலுக்குக் கீழே மெத்தென்று அமுங்குகிறது. ஷூவை எடுத்தால் பள்ளத்தில் கறுப்பாகத் தண்ணீர் ஊறுகிறது. மரமே இல்லை, குட்டைச் செடிகூட அரிது. கோரையும் ஈரப்புல்லும்தான். இந்த மாதிரிச் சதுப்புகளில்தான் தோடர்கள் தங்கள் கோயில் கூரை வேயும் புல்லைத் தேடி எடுக்கிறார்கள். குளிரும் நீரும் சேர்ந்து அழுகலைத் தடுப்பதால், செத்த புல் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகக் கரிய முற்றாநிலக்கரியாகப் படிந்திருக்கிறது.

அந்தப் படிவுக்குள் ஒரு பழைய வழக்கின் சாட்சி இருந்தது. வழக்கு இதுதான்: நீலகிரி மேல்மலையின் புல்வெளிகள் இயற்கையாகவே புல்வெளிகளா, அல்லது ஒருகாலத்தில் காடாக இருந்து, தீயும் மேய்ச்சலும் தின்றுவிட்ட மிச்சமா? 1938-இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் இருவர் இதைப் பற்றி எழுதினார்கள். வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன், உறைபனிதான் மரங்களைத் தடுக்கிறது, எனவே சோலை எனப்படும் மலைக்காடும் புல்லும் இரண்டுமே இங்கே நிலைத்த வடிவங்கள் என்றார். புற்களைப் பற்றிய ஆய்வுக்குப் பேர்போன என்.எல். போர், தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்ற கட்சி. அரை நூற்றாண்டுக்குமேல் இந்தப் பட்டிமன்றம் தீரவில்லை.

1993-இல் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரைக்கு இங்குள்ள சதுப்புப் படிவுகள்தான் ஆதாரம். வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை கார்பனை ஒருவிதமாகவும் மரங்கள் வேறுவிதமாகவும் உள்வாங்குகின்றன. செத்து மண்ணானாலும் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தில் அந்தத் தடயம் அழியாது. படிவை ஆழ ஆழத் தோண்டி அளந்தபோது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்த காலத்தில், இங்கே புல்தான் மேலோங்கி இருந்தது தெரிந்தது. பிறகு ஈரமான காலங்களில் மரங்களின் கை ஓங்கியிருக்கிறது, வறண்ட காலங்களில் மறுபடி புல். ஆக, மாடு மேய்க்க மனிதன் காட்டை அழித்ததால் வந்த வெறுமை இது என்று இனி யாரும் சொல்ல முடியாது. தீ சில இடங்களில் கோட்டை நகர்த்தியிருக்கலாம். கோடு மாடு மேய்த்த மனிதனுக்கு முந்தியது.

அவலாஞ்சிப் பக்கம் போகும் சாலையில் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சாலைக்காக மலையை வெட்டிய இடம். மண்ணின் குறுக்குவெட்டு அப்படியே தெரிந்தது. மேலே முழங்கை நீளத்துக்குக் கன்னங்கரிய மண், வேர்கள் பின்னியது. அதன் கீழே மஞ்சளும் செம்மையுமான களிமண், ஆள் உயரத்துக்குமேல். அதற்கும் கீழே, கையால் பிட்டால் உதிரும் அழுகிய பாறை. நடுவில் அங்கங்கே அழுகாமல் தப்பிய உருண்டைக் கற்கள், உடைந்த முகத்தில் நீலக்கறுப்பு மினுமினுப்பு.

இந்தக் கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு வைத்த கல்லை ஆராய்ந்து, நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அவர் பெயரையே பாறைக்கும் சூட்டினார். கல்லறைக் கல் போனது சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்து. பல்லாவரம் குன்றும் நீலகிரியும் ஒரே இனப் பாறை. அங்கே அதன் மேல் முள்ளும் புதரும். இங்கே பாசி தொங்கும் சோலை. பாறையை மட்டும் பார்த்துத் தாவரத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களைப் பல்லாவரத்துக்கு அழைத்துப்போய் விட வேண்டும். மழையும் குளிரும் எத்தனை லட்சம் ஆண்டு அந்தப் பாறையைக் கரைத்தன என்பதைப் பொறுத்தே மண் உருவாகிறது. இங்கே கொட்டும் மழை சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது புளிப்பு மண். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 911 மி.மீ. பெய்தது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அது.

புளிப்பு மண்ணை எல்லாச் செடிக்கும் பிடிக்காது. பிடித்தவை கூட்டமாக நிற்கின்றன. வெட்டின் விளிம்பிலேயே ஒரு புதர். இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனால் அயோடெக்ஸ் வாசம் அப்படியே அடிக்கிறது. கால்தீரியா, தைலத்துக்காக வடிக்கிற செடி. அதன் உறவுக்காரர்தான் நான் பார்க்க வந்த மரமும். இந்தக் குடும்பத்தின் வேர்களில் ஒருவகைப் பூஞ்சை கூடிவாழ்ந்து, சத்தில்லாத புளிப்பு மண்ணிலும் சாப்பாடு தேடிக்கொடுக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் இவற்றை வளர்க்க முயன்ற தோட்டக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

வனத்துறை அனுமதியோடு உள்ளே போனோம். கூட வந்த வாச்சர் இந்தப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். ஒரு மேட்டில் ஏறி நின்றதும் கண்ணெதிரே நீலகிரியின் அசல் முகம். வழவழப்பான புல்மேடுகள், தையில் காய்ந்து வைக்கோல் நிறத்தில். மேடுகளுக்கிடையே ஒவ்வொரு மடிப்பிலும் அடர்பச்சைச் சோலை ஒண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் கலப்பு என்று எதுவுமே இல்லை. புல் முடிகிற இடத்தில் மரம்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். குளிர்காற்று பள்ளத்தில் தேங்குகிறது என்றால், உறைபனிக்குப் பயந்த மரங்கள் மேட்டிலல்லவா இருக்க வேண்டும்? அவை ஏன் மடிப்புக்குள் இருக்கின்றன?

கீழே இறங்கிப் பார்த்தபோதுதான் மடிப்பும் பள்ளமும் ஒன்றல்ல என்பது புரிந்தது. மடிப்பின் அடிமட்டத்தில், ஓடை அகன்று சதுப்பாகும் திறந்த இடத்தில் மரமே இல்லை. சாண்டிநல்லாவில் பார்த்த அதே கோரைதான். சோலை அதற்கு மேலே, ஓடையின் தலைப்பில், இரு சரிவுகளும் நெருங்கும் இடத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே தென்மேற்குக் காற்றின் அடி குறைவு. மழைநீரும் மேட்டிலிருந்து வழிந்த மண்ணும் சேர்ந்து ஆழமான தரை. மேலே முகட்டிலோ மண் ஒரு சாண். அதற்குக் கீழே கல். ஆக மேட்டில் மண்ணும் காற்றும் மரத்தைத் தடுக்கின்றன, அடியில் நீர்த்தேக்கமும் உறைபனியும் தடுக்கின்றன. நடுவில் கிடைத்த இடுக்கில் சோலை. அந்த இடுக்கிலும் தானாக வெப்பம் காத்துத் தருவது சோலையின் கூரைதான். ஒருமுறை காடு மூடிக்கொண்டால் அது தன் இரவைத் தானே மாற்றிக்கொள்கிறது.

“உள்ள வாங்க சார், தெரியும்” என்று வாச்சர் கிளையை விலக்கினார். ஒரே எட்டு. மூக்குக்கண்ணாடி முழுதும் ஆவி படிந்துவிட்டது. வெளியே காதை அறுத்த காற்று இங்கே இல்லை. கால் புதையும் இலைச்சருகு. கையை விட்டால் ஈரமான, உதிரியான கறுப்பு மண், உள்ளே இளஞ்சூடு. மரங்கள் எதுவும் பெரிய உயரமில்லை. விக்கி, காட்டுச் செண்பகம், லவங்க இனம் ஒன்று. கிளையெல்லாம் முறுக்கிக்கொண்டு பாசியும் ஆர்க்கிடும் அப்பியிருந்தன. தரையெங்கும் நாற்றுகள். ஒரு சதுர அடியில் எண்ணிச் சலித்துவிடுகிற அளவு.

அதே விதைகளைப் பறவைகள் புல்லிலும் போடுகின்றன. அங்கே ஒன்றைக்கூடக் காணோம்.

“நாங்க நட்டும் பாத்திருக்கோம் சார். மழைக்கு நல்லா வரும், ஒரு முழம் ஏறிடும். ஆனா மார்கழி, தை தாண்டாது” என்றார்.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. சோலை மர நாற்றுகளைப் புல்வெளியிலும் சோலைக்குள்ளும் நட்டுப் பார்த்தார்கள். புல்வெளியில் அவற்றை வீழ்த்தியது உறைபனி. இரவில் உறைந்த இலையின் மேல் காலையில் மேகமில்லாத மலை வெயில் சுளீரென்று விழுவது இன்னும் மோசம். தேயிலைத் தோட்டக்காரர்கள் பனியில் செடி ‘கருகிப்போச்சு’ என்பதும் இதே அடிதான். புல் எப்படித் தப்பிக்கிறது? புல்லின் உயிர்ப்பான குருத்து மண்ணை ஒட்டிக் கீழே இருக்கிறது. மேல்தாள் காய்ந்தாலும், கோடை மழைக்கு அடியிலிருந்து தளிர்க்கும். மரக்கன்றுக்குக் குருத்து உச்சியில், பனிக்கு நேர் எதிரே.

அப்படியானால் புல்லுக்கு நடுவே தனியாக நின்றுகொண்டு, தை மாதத்தில் ரத்தச் சிவப்பாகப் பூத்திருக்கிறதே, அது என்ன?

காட்டுப் பூவரசு. தாவரவியலில் ரோடோடென்ட்ரான். நம் ஊர்ப் பூவரசுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சரிவில் பத்திருபது மரங்கள், ஒன்றுக்கொன்று எட்ட எட்ட, கோணலும் முடிச்சுமாக நின்றன. கிட்டே போய்ப் பட்டையைத் தட்டினேன். விரல் தடிமனுக்குமேல், தக்கை போல வெடித்த பட்டை. தீ ஓடினாலும் உள்ளே சுடாது. இலையின் மேல்பக்கம் தோல் மாதிரி வழவழப்பு. திருப்பினால் துருநிறத்தில் மெல்லிய ரோமப் போர்வை. மொட்டுகள் செதில் மேல் செதிலாக மூடி, இறுகி. ஒரு பூங்கொத்தில் இரவின் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது, இதழ் வாடவில்லை. தேன்சிட்டு ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் கொத்துக்குக் கொத்து தாவியது.

சோலை மரங்களோடு பிறந்தும் சோலைக்குள் அடங்காத மரம் இது. விதை தூள் போன்றது, அதில் சேமிப்பு கிடையாது. முளைத்த அன்றே வெளிச்சம் வேண்டும். சோலையின் இருட்டில் அதற்குப் பிழைப்பில்லை. எனவே மற்றவர்கள் வரப் பயப்படும் இடத்தில் குடியேறிவிட்டது. தென்னிந்தியாவில் காட்டில் வளரும் ரோடோடென்ட்ரான் இது ஒன்றுதான்: நீலகிரி, பழனி, ஆனைமலை என்று உயர்ந்த மலைத்தலைகளில் மட்டும். இதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இமயமலையில். இன்னொரு கிளை இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம். நடுவில் உள்ள வெக்கைச் சமவெளி முழுக்க ஒன்றுகூடக் கிடையாது. பனியுகத்தில் குளிர் கீழிறங்கியபோது இதன் முன்னோர் தெற்கே பரவியிருக்க வேண்டும், பிறகு வெப்பம் ஏற ஏற மலையுச்சிகளில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது பலரின் விளக்கம். சாண்டிநல்லாப் படிவைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவனுக்கு அந்த விளக்கம் நம்பக்கூடியதாகத்தான் படுகிறது.

சோலையின் விளிம்பை ஒட்டியே நடந்தோம். தவிட்டுப்பழப் புதர், ஊசிக்கலா, 2018-இல் பூத்து மடிந்து, விதையிலிருந்து மறுபடி தழைத்திருக்கும் குறிஞ்சி. எல்லாம் அரைக்குளிருக்குப் பழகியவை. காட்டுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அகலத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன.

பிறகு சீகை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, பட்டை தோல் பதனிடும் ஆலைகளுக்கு, விறகு ஊருக்கு. கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் அங்கிருந்துதான், 1840-களில். அன்றைய அதிகாரிகளின் கண்ணுக்குப் புல்வெளி என்றால் சும்மா கிடக்கும் நிலம். சும்மா கிடப்பதில் மரம் வைத்தால் நல்லதுதானே என்ற எண்ணம் அவர்களோடு கப்பலேறிப் போய்விடவில்லை என்பதை, இன்றும் மலையில் மரக்கன்று நடும் விழாக்களின் படங்களைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன். சீகையின் சொந்த ஊரிலும் உறைபனி உண்டு. இங்கத்திய தை மாத இரவு அதற்குப் புதிதல்ல. சோலை மரம் இத்தனை ஆயிரம் ஆண்டு தாண்டத் துணியாத கோட்டை அது சர்வசாதாரணமாகத் தாண்டிவிட்டது. அதே 2020 ஆய்விலும் புல்வெளியில் பிழைத்துக்கொண்டது சீகைக் கன்றுதான். ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்த மஞ்சள்பூ புதர்ச்செடிகள், கோர்ஸும் ப்ரூமும், இங்கே மேட்டையெல்லாம் பிடித்துக்கொண்டதும் அதே காரணத்தால்தான். ஊட்டியைப் பார்த்து வெள்ளைக்காரன் ஊர் நினைவுக்கு வந்து ஏங்கினான். அவன் செடிக்கு ஏங்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

திரும்பும் வழியில் வாச்சர் ஒரு பழைய சீகைத் தோப்புக்குள் கூட்டிப்போனார். மடிப்பை ஒட்டிய தோப்பு. மரங்கள் பாதி சாய்ந்து கிடந்தன. அடியில் பார்த்தால் இடுப்பளவுக்கு விக்கிக் கன்றுகள், கூடவே லவங்க இனம், பெயர் தெரியாத இன்னும் நான்கைந்து. சோலை வெளியே வந்து நிற்கிறது. தலைகுந்தாவில் சீகையின் கீழ் உறைபனி இல்லாமல் பச்சையாகக் கிடந்த புல்லுக்கு என்ன காரணமோ, அதுவேதான் இதற்கும். பனியைத் தடுக்க ஒரு கூரை கிடைத்ததும் சோலைக் கன்றுகள் மார்கழியைத் தாண்டிவிட்டன.

“இத மொத்தமா வெட்டிட்டா இதுங்க ஒரு தைகூடத் தாங்காது சார். கொஞ்சம் கொஞ்சமா வெட்டணும். கன்னு தலைக்கு மேல போனதுக்கு அப்புறம் பெரிய மரத்த எடுக்கணும்.”

“அப்ப மேட்டுல இருக்கற சீகை?”

“அத விடவே கூடாது. இவ்ளோண்டு இருக்கறப்பவே புடுங்கிடணும்.” சொல்லிக்கொண்டே நடைபாதை ஓரத்தில் ஒரு சாண் உயரக் கன்றைப் பிடுங்கினார். வேர் முழுதாக வந்தது, முடிச்சு முடிச்சாக; காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும் பாக்டீரியாவின் வீடு அது. ஏழை மண்ணில் வாழப் பழகிய மேட்டுப் புல்லுக்கு அந்தக் கூடுதல் சத்தும் ஒரு தொந்தரவுதான். பெரிதான பிறகு வெட்டினால் வேரிலிருந்தும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும் விதையிலிருந்தும் மறுபடி கிளம்புமாம். தீ வைத்தாலோ, அந்தச் சூட்டுக்கே விதைகள் கூட்டமாக முளைக்குமாம். ஒரே மரத்தை மேட்டில் கண்டவுடன் பிடுங்க வேண்டியிருக்கிறது, மடிப்பில் சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மலை முழுவதற்கும் ஒரே உத்தரவு போட்டு அந்நிய மரங்களை அகற்றுவது சரிவராது என்று அவர் சொன்னபோது மறுக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிடுங்கிய கன்றை வேர் மேலாகப் பாறையில் காயப் போட்டுவிட்டு, அடுத்ததைத் தேடிப் போனார்.